நரிமேட்டுப் பொட்டலில் இறங்கிய ஊர்

பர்மாவில் ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த சவுக்தலோன் ஊரின் ரயிலடியைத் தவிடுபொடியாக்கிவிட்டு, வங்காள விரிகுடாவைக் குறுக்கே தாண்டி, வெயில் ஏறும் நேரத்தில் நரிமேட்டுப் பொட்டலில் வந்து இறங்கிய விங் கமாண்டர் விட்கம்பின் விமானத்தில், குண்டு அடுக்கும் வயிற்றறையின் கதவைத் திறந்தபோது, உள்ளேயிருந்து அடுப்புச் சூட்டோடு ஒரு சோற்றுப் பானை இறங்கியது. பானை கவிழவில்லை, விரிசல் விடவில்லை. சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குண்டு ஏற்றும் சிப்பாய்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முகாம் சமையல்காரன் வந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, இன்னும் ஒரு கொதி வேண்டும் என்று சொல்லிப் பானையை உள்ளே தூக்கிப் போனான். அன்று மத்தியானம் விமானிகள் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள், நல்ல மணமான அரிசி என்று பேசிக்கொண்டார்கள், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் பொட்டல் அதற்குமுன் எங்கள் ஊருக்கு வரகும் குதிரைவாலியும் கொடுத்த நிலம். யுத்தம் வந்ததும் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு யுத்தம் முடிந்ததும் வரும் என்றது. யுத்தம் எப்போது முடியும் என்று கேட்டதற்கு அது ராணுவ ரகசியம் என்றது. எங்கள் பெண்களே தலையில் சரளை சுமந்து போட்ட ஓடுதளத்தில், நாலு இன்ஜின் வைத்த பெரிய குண்டுவீச்சு விமானங்கள் எட்டு வந்து இறங்கின. லிபரேட்டர் என்று அவற்றுக்குப் பெயர். விடுதலை தருபவன் என்று அர்த்தம் என முகாமின் மொழிபெயர்ப்பாளர் ஞானாதிக்கம் சொன்னார். யாருக்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, அவ்வளவு தூரம் தனக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்லிவிட்டார்.

அந்த எட்டுக்கும் தலைவர்தான் விட்கம்ப். ஒல்லியான மனிதர், முழங்கால்வரை சுருக்கமில்லாத காலுறை, பேசும்போது எதிரில் இருப்பவரின் காதைப் பார்க்கிற பழக்கம். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாமல், வெட்கம் துரை என்று ஆகிவிட்டது. வெட்கம் துரை ஜீப்பில் போகிறார், வெட்கம் துரைக்குக் காய்ச்சல், வெட்கம் துரை இன்றைக்குப் பறக்கிறார் என்று ஊரே சாதாரணமாகப் பேசியது. தலைவராக இருப்பவர் தரையிலேயே இருந்துகொள்ளலாம் என்றாலும், ஒவ்வொரு தடவையும் முதல் விமானத்தை அவரே ஓட்டிப் போனார். திரும்பி வராத விமானத்துக்காக, அதிலிருந்த பெட்ரோல் தீர்ந்திருக்கக்கூடிய நேரம்வரை ஓடுதளத்தின் முனையில் நிற்பார், அதற்குப் பிறகும் கொஞ்சம் நிற்பார், பிறகு உள்ளே போய் அந்தப் பையன்களின் தாய்மார்களுக்குத் தன் கையாலேயே எழுதுவார். அந்த ஒரு காரியத்துக்காக எங்கள் ஊரில் அவருக்கு மரியாதை இருந்தது.

அடுத்த தடவை எல்லா விமானங்களும் சாமானோடுதான் வந்தன. ஓலைக் கூரையின் ஒரு பக்கம், குலை தள்ளிய வாழை அடிமண்ணோடு, பாதி நெய்த லுங்கி தறியோடு, குஞ்சுகளோடு ஒரு கோழி, ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்த ஒரு புத்தர் மாடம். குண்டு எவ்வளவு எடை போனதோ ஏறக்குறைய அவ்வளவு எடைக்குச் சாமான் வந்தது. எதிலும் கருகல் இல்லை, புகை நாற்றம் இல்லை. விமானிகளுக்கு இருந்த ஒரே சங்கடம், இதையெல்லாம் எங்கே வைப்பது என்பதுதான். ஒருவன் கோழியை எடுத்துக்கொண்டான். மற்றவர்கள், நாளைக்கு யார் விமானத்தில் என்ன வரும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள்.

வெட்கம் துரை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். திரும்பி வரும்போது எடை கூடினால் பெட்ரோல் வீணாகும், ஆகையால் கனமான சாமான்களைத் தவிர்க்கவும் என்று பதில் வந்தது. அவர் மறுபடியும் எழுதினார். இதுவரை வந்தவற்றில் வீட்டுச் சாமான்களைத் தவிர வேறில்லை என்றும், ரயிலடியின் மேல் போட்டதாக நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு தண்டவாளத் துண்டோ ஒரு சிக்னல் கட்டையோகூட ஏன் வரவில்லை என்றும் கேட்டிருந்தார். அதற்கும் பதில் வந்தது. தண்டவாளம் எதுவும் வராததே அங்கே தண்டவாளம் எதுவும் மிச்சமில்லை என்பதற்கு அத்தாட்சி என்று பாராட்டியிருந்தார்கள். வந்த சாமான்கள் கைப்பற்றப்பட்ட எதிரி உடைமை என்றும், நிலம் கொடுத்த கிராமத்தாருக்கு நஷ்டஈட்டுக்குப் பதிலாக அவற்றையே கொடுத்துவிடலாம் என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது.

அப்படித்தான் எங்கள் வீடுகளுக்குச் சவுக்தலோன் வர ஆரம்பித்தது. முதல் தடவை கூச்சப்பட்டுக்கொண்டு போனோம், இரண்டாம் தடவை கூடையோடு போனோம், அதற்கப்புறம் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டதுமே மறுநாள் காலைக்கு இடம் பிடிக்கக் கல்லை வைத்துவிட்டு வந்தோம். குண்டு போடும் நாள் சந்தை நாள் மாதிரி ஆயிற்று. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள் முகாமில் விசாரித்துவிட்டு நாள் குறித்தார்கள். ஒரு தடவை எட்டு விமானத்திலும் வெறும் ஓலையும் மூங்கிலுமாக வந்தபோது, நம்மை ஏமாற்றுகிறார்கள், நல்லதையெல்லாம் கடலிலேயே இறக்கிவிட்டு வருகிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஊர்த் தலைவர் சோணை அம்பலம், வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர், நேராக வெட்கம் துரையிடமே போனார். தேக்குக் கட்டில் ஒன்று வேண்டியிருக்கிறது என்றும், ஓலை வீட்டுப் பக்கமே போடாமல் வசதியானவர்கள் இருக்கிற தெருவாகப் பார்த்துப் போட்டால் உபகாரமாக இருக்கும் என்றும் சொன்னார். ஞானாதிக்கம் ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

துரை ரொம்ப நேரம் அம்பலத்தின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலில் யாராவது படுத்திருப்பார்கள் என்று இவருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாம என்ன," என்றார் அம்பலம். "போடப்போறது நீங்க. அது நிச்சயம். போடறதை நாலு பேருக்குப் பிரயோசனமாப் போடுங்கன்னுதான் கேக்கறேன்."

இதை மொழிபெயர்த்து முடித்தபோது துரையின் முகத்தில் கோபம் வரும் என்று ஞானாதிக்கம் பயந்தார். வரவில்லை. மேலிடத்திலிருந்து வந்த கடிதங்களைவிட இந்த ஆள் நேர்மையாகப் பேசுகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்பலம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கட்டிலும் வந்தது, கொசுவலை கட்டியபடி.

கட்டிலோடு ஒரு காலித் தொட்டிலும் வந்தது. அதை யாரும் எடுத்துப் போவதற்குமுன் வெட்கம் துரை குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். துணி ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கையைத் துடைக்காமலே நின்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காருவது குறைந்தது. சாமான்களைப் போட்டு வைக்கும் கொட்டகைக்குப் போய், ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார். பகலில் தூங்க வேண்டிய மனிதர் தூங்குவதில்லை என்று காவல்காரர்கள் சொன்னார்கள். ஆனாலும் பறக்கச் சொன்ன நாளில் பறந்தார், போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

சரளை சுமந்த பெண்களில் இருளாயி என்று ஒருத்தி. கல்யாணமான மறுவருஷமே அவள் புருஷன் காத்தமுத்து பர்மாவுக்குப் போய்விட்டான், அரிசி மில்லில் மூட்டை தூக்க. யுத்தம் வந்தபின் அவனிடமிருந்து சேதி எதுவும் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பர்மா என்பதுதான். ஒருநாள் காலையில் இறங்கிய சாமான்களில் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொம்பின் கழுத்தில் தமிழில் காத்தமுத்து என்று வெட்டியிருந்தது. பெயர் வெட்டியவன் ஒரு எழுத்தை விட்டுவிட்டு மேலே சின்னதாகச் செருகியிருந்தான். அதற்காக அவனோடு சண்டை போட்டவளே அவள்தான்.

அவள் அழவில்லை. சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு துரை இருந்த அறை வாசலில் போய் நின்றாள். ஞானாதிக்கம் அவளை அனுப்பிவிடப் பார்த்தார், அவள் நகரவில்லை. துரை வெளியே வந்ததும், இது எந்த ஊரில் கிடைத்தது என்று கேட்டாள். எல்லாம் ஒரே ஊரில்தான் என்று பதில் வந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"சாமான் எல்லாம் ஒரு கீறல் இல்லாம வருது," என்றாள். "கோழி உசுரோட வந்துச்சு. அதே மாதிரி இவரையும் ஒருதரம் கொண்டாந்துருங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

ஞானாதிக்கம் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். துரை வற்புறுத்தியபின் சொன்னார். தன்னுடைய புருஷன் மேல் குண்டு போடச் சொல்லி ஒரு பெண் தன் வாசலில் வந்து கேட்கிறாள் என்பதை வெட்கம் துரை புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோழி உயிரோடு வருகிறது, தொட்டில் பிள்ளையில்லாமல் வருகிறது, இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்று சொல்ல நினைத்தாராம், பிற்பாடு ஞானாதிக்கத்திடம் சொன்னார். அப்போது அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காராமல் போய்விட்டாள்.

மறுநாளே உத்தரவு வந்தது. அடுத்த முறை தீக்குண்டு, எட்டு விமானமும் நிறைய, ரயிலடி என்று இல்லாமல் ஊர் முழுவதும். வெட்கம் துரை விமானிகளை அழைத்துப் பேசினார். அவர்கள் கிளம்பினார்கள், நடுக்கடலுக்குமேல் போனதும் எல்லாக் குண்டுகளையும் தண்ணீரில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஊரை அழித்தாயிற்று என்று அறிக்கை அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்தக் காலையில் மேலிடத்துப் பெரிய துரை ஒருவர், நெஞ்சு நிறையப் பதக்கப் பட்டைகளோடு, இந்த அதிசயத்தை நேரில் பார்க்க வந்திருந்தார். வயிற்றறைக் கதவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கதவு திறந்ததும் எட்டு விமானத்திலிருந்தும் கடல்தண்ணீர் கொட்டியது. அவர் தொப்பி மிதந்து போயிற்று. அயிலை மீனும் ஊழி மீனும் பொட்டலெங்கும் துள்ளின. கூடையோடு நின்றிருந்த எங்கள் பெண்கள் இதுவும் நல்லதுதான் என்று பொறுக்க ஆரம்பித்தார்கள்.

பெரிய துரை சத்தம் போடவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, பொரித்த மீனைச் சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த பயணத்தில் முதல் விமானத்தில் தானும் உட்கார்ந்து வருவதாகச் சொன்னார்.

அதனால் அந்த முறை வேறு வழியில்லை என்று வெட்கம் துரைக்காகச் சிலர் சொல்வதுண்டு. வழி இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சவுக்தலோனின் விளக்குகள் கீழே தெரிந்தபோது, போடு என்ற உத்தரவு அவர் வாயிலிருந்துதான் வந்தது. எட்டு விமானமும் அவர் போட்ட இடத்தில் போட்டன, கீழே ஊர் ஒரே கங்காக ஆயிற்று, அவர் திரும்பி மேற்காக விமானத்தை விட்டார்.

கடலுக்குமேல் வந்தபின் வயிற்றறையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். பிறகு ஒரு குழந்தை அழுதது, யாரோ அதைத் தட்டிச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது, ஒரு கிழவர் இருமினார். இன்ஜின் சத்தம் என்று பெரிய துரை சொன்னார். பின்பக்கத் துப்பாக்கிக்காரப் பையன் தன் தண்ணீர்ப் புட்டியை இடுக்கு வழியாக உள்ளே நீட்டினான். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் காலியாகத் திருப்பிக் கொடுத்தது.

காலையில் கதவுகள் திறந்தபோது ஜனங்கள் இறங்கினார்கள். கெட்டிலும் கையுமாக ஒரு டீக்கடைக்காரர், பாதித் தலை சீவிய பெண்கள், காவி உடுத்த பிக்குகள், விளக்குமாற்றோடு ஒருத்தி, குழந்தைகள், குழந்தைகள், குழந்தைகள். யாருக்கும் காயம் இல்லை. ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணை இடுக்கியபடி, எட்டு விமானத்தையும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த விமானங்களை அவர்கள் அடியிலிருந்து பார்த்தே பழகியிருந்தார்கள், அதனால் அடையாளம் தெரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. பெரிய துரை அவர்களை எதிரிப் போர்க்கைதிகள் என்று எழுத ஆரம்பித்து, முதல் ஆள் கைக்குழந்தையாக இருந்ததால் நிறுத்திவிட்டு, இங்கே யாரும் இறங்கவில்லை என்று முடிவு செய்து, தன் விமானத்தில் ஏறி அப்போதே கிளம்பிப் போனார்.

இருளாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். எட்டாவது விமானம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். வந்தவர்களில் டோ கின் என்ற மருத்துவச்சிக்கு, மில் கூலிகளின் மனைவிமாருக்குப் பிரசவம் பார்த்துப் பார்த்துத் தமிழ் நன்றாகப் பேச வந்தது. காத்தமுத்து என்று கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவன் வரலை," என்றாள் டோ கின். "குண்டு விழ ஆரம்பிச்ச நாள்லேருந்து அவன் வீட்டுல படுக்கறதில்லை. பாயைத் தூக்கிக்கிட்டு ரயிலடிக்குப் போயிடுவான். எங்க ஊர்ல குண்டு விழாத இடம் அது ஒண்ணுதான். நாங்க அவனைப் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணினோம்."

இருளாயிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டோ கின் என்ன சொன்னாள் என்று வெட்கம் துரை கேட்டார். ஞானாதிக்கம் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். துரை சரளைமேல் உட்கார்ந்தார். சுருக்கமில்லாத காலுறை புழுதியாயிற்று. எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எங்கள் ஊர் வெட்கப்பட வேண்டிய பங்கு. தண்ணீர் கேட்டு ஊருக்குள் வந்தவர்கள், தண்ணீர் கொடுத்த பாத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கள் கூரைகளைப் பார்த்தார்கள். எங்கள் கொல்லையில் நின்ற வாழையிடம் ஒரு பெண் போய் அதன் தண்டைத் தடவினாள். சிலர் கேட்பதற்குமுன் கொடுத்தார்கள், சிலர் சண்டை போட்டுக் கொடுத்தார்கள், ஒருவர் தறியை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தார். சோணை அம்பலம் வாசலை மறித்து நின்று, இது நிலத்துக்கு ஈடாக சர்க்கார் கொடுத்தது, முறைப்படி வந்த சொத்து என்று வாதாடினார். கட்டில் டோ கின்னுடையது.

"உங்க நிலத்தை எடுத்தது யாரோ," என்றாள் அவள், "அவங்க வீட்டுக் கட்டிலைப் போய்க் கேளுங்க."

அம்பலத்தின் மகள், கல்யாணமாகிப் பத்து நாள் ஆனவள், உள்ளே போய்க் கொசுவலையை அவிழ்த்து மடித்து டோ கின் கையில் கொடுத்துவிட்டு, புருஷனைக் கூப்பிட்டுக் கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கினாள்.

மேடுபள்ளமில்லாத இடம் ஓடுதளம் ஒன்றுதான் என்பதால் சவுக்தலோன்காரர்கள் அங்கேயே தங்கள் தெருவைப் போட்டுக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்பது அவர்களுக்கு மனப்பாடம். டீக்கடை வந்தது, பிக்குகளுக்கு ஒரு பந்தல் வந்தது, கருவாட்டு வாசம் வந்தது. எங்கள் ஆட்கள் முதலில் வேடிக்கை பார்க்கப் போனார்கள், பிறகு டீ குடிக்கப் போனார்கள், பிறகு கிணற்றடியில் அவர்களோடு சண்டை போட்டார்கள், அதற்கப்புறம் அவர்களும் ஊர்க்காரர்கள்தான்.

இப்போது மேலிடத்துக்கு ஒரு இக்கட்டு. விமானங்கள் கிளம்ப வேண்டும், கிளம்பினால் தெருவின்மேல் ஓட வேண்டும். தெரு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஆகையால் ஓடுதளம் காலியாக இருக்கிறது, உடனே புறப்படவும் என்று உத்தரவு வந்தது. வெட்கம் துரை வயர்லெஸ் அறைக்குப் போனார். ஓடுதளத்தில் சவுக்தலோன் இருக்கிறது, அதன்மேல் நாங்கள் ஏற்கெனவே போய்விட்டு வந்தோம், இன்னொரு முறை போக மாட்டேன் என்று எல்லா முகாமுக்கும் கேட்கும்படி திறந்த அலைவரிசையில் சொன்னார். அவர் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அவரை விசாரிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் விசாரித்தால் தெருவைப் பற்றிக் கேட்க வேண்டும். அதனால் சவுக்தலோன் ரயிலடியை அழித்ததற்காக ஒரு பதக்கம் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். பதக்கத்தைக் குத்த வந்த அதிகாரி, மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நகரும்வரை காத்திருந்து, அவளைப் பார்க்காதவர் மாதிரி குத்திவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்ததும் காத்தமுத்து கப்பலில் வந்து சேர்ந்ததையும், இத்தனை பேரும் ஒரே ராத்திரியில் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று டீக்கடையில் நின்று சண்டை போட்டதையும், இருளாயி அவனை ஒரு வாரம் வீட்டுக்குள் விடாமல் ரயிலடியிலேயே போய்ப் படு என்று சொன்னதையும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெட்கம் துரை கிளம்பிய நாளைத்தான் அதிகம் பேர் சொல்வதில்லை.

அன்று டோ கின் தன் வீட்டுக்குக் கதவு மட்டும் வைத்து முடித்திருந்தாள். சுவருக்கு இன்னும் மூங்கில் வரவில்லை. வெட்டவெளியில் நிலை நின்றது, நிலையில் கதவு நின்றது, கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து மூலிகை இடித்துக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரிந்தது. வெட்கம் துரை ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவருக்கு அந்தக் கேள்வி மட்டும் ஞானாதிக்கம் இல்லாமலே புரிந்தது. கைதியாகப் பிடிபட்டால் சொல்வதற்கு விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்திருந்ததை நிமிர்ந்து நின்று சொன்னார்: பதவி, பெயர், படை எண்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது," என்றாள் டோ கின். எழுந்து வந்து உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள், திரும்பிப் போய் உட்கார்ந்து இடிக்க ஆரம்பித்தாள்.

இடதுபக்கம் நாலடி, வலதுபக்கம் நாலடி, எந்தப் பக்கமாகச் சுற்றிப் போயிருந்தாலும் அவள் முன்னால் போய் நின்றிருக்கலாம். ஜீப்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். வெட்கம் துரை கதவைப் பார்த்தபடியே நின்றார்.